கொல்லன் தெருவில் ஊசி: பழைய எம்ஜிபி எஞ்சினை யாரிடம் விற்பது?

சிங்கப்பூரில் சித்தப்பா வீட்டுப் போர்ச்சில், எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் ஒன்று இருபது வருடத்துக்கு மேலாகத் தார்பாய் போர்த்திக் கிடந்தது. என்றைக்காவது தேவைப்படும் என்று உபரியாக வாங்கி வைத்தது. அந்த 'என்றைக்காவது' வருவதற்குள் காரும் போனது, அவரும் போய்ச் சேர்ந்தார். "தீபாவளிக்குள்ள அதை எடுத்துட்டுப் போயிடுப்பா, பூச்செடி வைக்க இடமில்ல" என்றார் சித்தி. விற்றுத் தருகிறேன் என்று வாய் விட்டது நான்தான். பிறகு மூன்று மாதம் காராங்குனி (பழைய சாமான் வாங்குபவர்) முதல் கப்பல் ஏஜண்ட் வரை எல்லாரிடமும் பேசிப் பார்த்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதுதான் இது.

எங்கே விற்பது என்பதற்கு முன்னால், கையில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். எம்ஜிபி எஞ்சினில் பிளாக்கின் வலப்பக்கம் ஒரு சின்னத் தகட்டை ரிவெட் அடித்து வைத்திருப்பார்கள். பழைய பல் பிரஷும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்ததும் '18ஜிபி-யு-எச்' என்று தெரிந்தது. 18 என்பது 1800 சிசி, கணக்காகச் சொன்னால் 1798. 'ஜி' எம்ஜியைக் குறிக்கும். 'எச்' என்றால் ஹை கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடிய வகை. காசு இருப்பது அந்த 'பி'யில்தான். முதலில் வந்த 18ஜி, 18ஜிஏ இரண்டிலும் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்க மூன்று மெயின் பேரிங்தான். 1964 அக்டோபரில் வந்த 18ஜிபியில்தான் அது ஐந்தானது. அடித்து ஓட்டினாலும் தாங்கும் எஞ்சின் என்று பெயர் வாங்கியது இந்த ஐந்து பேரிங் வகை. தகடுதானே, கழற்றி வேறு பிளாக்கில் மாட்டலாமே என்று சந்தேகப்படும் ஆளும் வருவார். அடியிலிருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, பேரிங்கை எண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் நல்ல எஞ்சின் வேறு, அரிய எஞ்சின் வேறு. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார். கையில் இருந்தது லோட்டஸ் ட்வின் கேமாகவோ ஆரம்பகாலப் போர்ஷே 911 எஞ்சினாகவோ இருந்திருந்தால், கீழே நான் சொல்லும் முடிவுகளில் பாதியைத் தலைகீழாகத்தான் சொல்லியிருப்பேன்.

ஆர்வலர்கள் அதிகம் இருக்கிறார்களே என்று எல்லாருக்கும் முதலில் தோன்றுவது பிரிட்டன். எனக்கும் தோன்றியது. கப்பல் ஏஜண்டிடம் பேசிய அரைமணி நேரத்தில் ஆசை அடங்கிவிட்டது. எஞ்சின் மட்டுமே 150 கிலோவுக்கு மேல். சொட்டு ஆயில், பெட்ரோல் இல்லாமல் வடிக்க வேண்டும், இல்லையென்றால் ஆபத்தான சரக்குக் கணக்கில் போய்விடும். சும்மா பலகை அடித்து அனுப்பவும் முடியாது. மரப் பெட்டிகளுக்கான ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி சூடேற்றிப் பதப்படுத்தி, 'எச்டி' முத்திரை குத்திய மரத்தில்தான் பெட்டி செய்ய வேண்டும். அதற்கு மேல் இரண்டு துறைமுகக் கட்டணம், அங்கே இறக்குமதி வரி. இவ்வளவும் செய்து எங்கே அனுப்புகிறோம்? அந்த எஞ்சின் பிறந்த ஊருக்கே. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். அங்கே ஒரு எம்ஜிபி எஞ்சின் வேண்டுமென்றால் பக்கத்து ஊரில் போய்த் தூக்கி வருவார்கள்.

ஆஸ்திரேலியா பக்கம்தானே என்று ஒரு நண்பர் சொன்னார். பக்கம்தான். ஆனால் 2003 டிசம்பர் 31 முதல் அங்கே ஆஸ்பெஸ்டாஸ் எந்த வடிவிலும் நுழையக் கூடாது. அந்தக் காலத்து எஞ்சின் கேஸ்கட் பலவற்றிலும் அது உண்டு. பழைய கார்களையே எல்லையில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். கேஸ்கட் அத்தனையும் மாற்றியதற்கு அத்தாட்சி இல்லாத எஞ்சினை அனுப்பிவிட்டு யார் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது?

சரி, உள்ளூர். காராங்குனிக்காரர் எடை போட்டுக் காசு கொடுப்பார், அரைமணியில் இடம் காலி. பிளாக் வெடித்திருந்தால் அதுதான் சரி. ஓடக்கூடிய எஞ்சினை அப்படிக் கொடுக்க மனம் வரவில்லை. அடுத்தது சின் மிங் பக்கம் பழைய கார் பார்க்கும் ஒரு பட்டறைத் தவுக்கே, அதாவது முதலாளி. அவர் புகைப்படத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார். குறைவுதான், ஆனால் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே எப்படி இருக்கிறதோ என்ற பயம் அவருக்கு. விற்கும்வரை பட்டறையில் இடம் அடைக்கும், அந்த இடத்துக்கு வாடகை போகிறது. அவசரம் இருந்தால் தவுக்கேயிடமே கொடுத்துவிடுங்கள். நேரம் இருந்தால் வேண்டாம்.

பழைய பொருள் விற்கும் கரோசெல் இணையதளத்தில் போட்டேன். முதல் வாரத்தில் வந்த செய்திகளில் பெரும்பாலும் "இன்னும் இருக்கா?", "கடைசி விலை?" இரண்டுதான். பதில் போட்டால் ஆளைக் காணோம். உண்மையாகக் கேட்டவர் ஒருவர், தவுக்கேயைவிட 300 வெள்ளி அதிகமாகவே தருவதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். குரோம் பூசி, மேலே கண்ணாடி பதித்து, காப்பி மேசை செய்யப் போகிறாராம். பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றி வீசினாலும் பரவாயில்லையாம். காசு காசுதான், மறுக்கவில்லை. ஆனால் சித்தப்பா உள்ளே துரு பிடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை பிளக் துவாரத்தில் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றி வைத்த எஞ்சின் அது. இரண்டு நாள் யோசித்து, வேண்டாம் என்றேன். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது முட்டாள்தனம் என்று நீங்கள் சொல்லலாம்.

பிரித்து விற்றால்? கூட்டிப் பார்த்தால் மொத்தமாக விற்பதைவிட இதில்தான் அதிகம் வரும். இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர் எளிதாகப் போகும், லூக்கஸ் டிஸ்ட்ரிபியூட்டரும் போகும். ஹெட் என்றால் ஒரு கேள்வி வரும்: எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் கெட்டியான சீட் போட்டாயிற்றா? சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998-ல் நின்றுவிட்டது. அந்தக் காலத்து ஹெட்டின் மிருதுவான சீட் ஈயமில்லாத பெட்ரோலில் தேயும். இதெல்லாம் சரி, கடைசியில் வெறும் பிளாக்கும் கிராங்க்கும் உங்கள் தலையில் நிற்கும். எடையில் பெரும்பகுதி அதுதான், கேட்பார் இல்லாததும் அதுதான். சித்தி கேட்டது காசு அல்ல, இடம்.

அப்புறம் உள்ளூர் கிளாசிக் கார்க்காரர்கள். இவர்கள்தான் சரியான ஆட்கள் என்று நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காப்பிக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அன்பாகப் பேசினார்கள், தாம்சன் ரோடு பந்தய நாட்களைப் பற்றிக் கேள்விப்பட்ட கதையெல்லாம் சொன்னார்கள். யாரும் வாங்கவில்லை. காரணம் வீடு திரும்பும் வழியில்தான் புரிந்தது. இங்கே 35 வயது தாண்டிய காரைக் கிளாசிக் திட்டத்தில் பதிந்தால் ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள்தான் ஓட்ட முடியும். வருடத்தில் 45 நாள் ஓடும் எஞ்சின் எப்போது தேய்வது? அவர்களுக்கு வேண்டியது ரப்பர், வயரிங், குரோம். எஞ்சின் அல்ல. பதிவான காரில் எஞ்சினை மாற்றினால் எண் மாறும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டும். அந்த வேலையும் சேர்ந்துகொள்கிறது.

அப்படியென்றால் எஞ்சினைத் தேய்ப்பவன் எங்கே இருக்கிறான்? பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில். அங்கே ஜொகூரில், சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய சிஓஇ என்ற உரிமச் சான்று கிடையாது, பழைய காரைத் தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிறவர்கள் உண்டு. சின் மிங் பட்டறையில் வேலை செய்யும் தம்பி வழியாக ஜொகூரின் ஸ்கூடாயிலிருந்து ஒருவர் வந்தார். சொந்தமாக எம்ஜிபி வைத்திருப்பவர், மெக்கானிக்கும்கூட. வந்ததும் விலை கேட்கவில்லை. "அண்ணே, கம்ப்ரஷன் பார்த்தீங்களா?" என்றார்.

கியர்பாக்ஸும் ஸ்டார்ட்டரும் பொருத்தியே இருந்ததால் அங்கேயே பார்க்க முடிந்தது. நாலு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து, கார் பேட்டரியில் வயர் கொடுத்துச் சுற்றினோம். நல்ல நிலையில், சூடாக இருக்கும்போது ஹை கம்ப்ரஷன் எஞ்சினுக்கு 160 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வாக்கில் வர வேண்டும். எங்களுக்குக் குளிர்ந்த எஞ்சினில் 150, 145, 150 என்று வந்தது. நான்காவதில் 115. என் முகம் வாடிவிட்டது. அவர் பேசாமல் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி சுற்றினார். 140. "வால்வு இல்லண்ணே, பிஸ்டன் ரிங்தான்" என்றார். வால்வாக இருந்தால் ஆயில் விட்டும் முள் ஏறாது.

அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: தேய்ந்த சிலிண்டரை அகலப்படுத்த எத்தனை முறை கடைந்திருக்கிறார்கள்? பெரிய பிஸ்டன் போட்டிருந்தால் தலையில் +20, +30, +40 என்று குத்தியிருக்கும்; ஆயிரத்தில் அத்தனை பங்கு அங்குலம் பெரிது என்று பொருள். பொதுவாக +60 வரைக்கும்தான் போவார்கள், அதற்கு மேல் சிலிண்டருக்குள் புதுக் குழாயாக ஸ்லீவ் போட வேண்டியதுதான். பிளக் துவாரத்தில் கேமரா விட்டுப் பார்த்தோம், கரி மூடியிருந்தது. அவர் +60 என்றே வைத்துக்கொண்டு விலை பேசினார். நான் 1,800 கேட்டேன், ரிங்குக்கும் தெரியாத பிஸ்டனுக்கும் கழித்து கியர்பாக்ஸோடு 1,400-க்கு முடிந்தது.

ஜொகூர் வழியில் சிரமம் இல்லாமல் இல்லை. வேனில் ஏற்றி உட்லண்ட்ஸ் வழியாகச் சும்மா ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். சாலை வழி ஏற்றுமதிக்குச் சோதனைச்சாவடிக்குப் போகும் முன்பே சுங்கத்துறை பெர்மிட் கையில் இருக்க வேண்டும், ஏஜண்ட் எடுத்துத் தருவார். அந்தப் பக்கத்து வரியும் அனுமதியும் வாங்குபவர் பொறுப்பு என்று முதலிலேயே பேசி எழுதிக்கொண்டேன். எஞ்சினுக்குச் சித்தப்பா வாங்கிய ரசீதையும் கேட்டார்கள். மைலோ டின்னில் மின்சாரக் கட்டண ரசீதுகளுக்கு நடுவே இருந்தது. அது மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் காப்பி மேசைக்காரருக்குத்தான் போன் போட்டிருப்பேன்.

போன மாதம் ஸ்கூடாயிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எஞ்சினைப் பிரித்திருக்கிறார், கரியைச் சுரண்டிய பிஸ்டன் தலையில் +20 என்று தெளிவாகத் தெரிகிறது. கீழே ஒரு சிரிப்புப் பொம்மை. அன்றைக்கே ஹெட்டைக் கழற்றிப் பார்த்திருந்தால் இன்னும் 200 வெள்ளி கேட்டிருப்பேன்.