குழாயை மூடிவைத்து அழுத்தம் காட்டி விற்கிறார்கள்: யன்னல் கழுவும் தொழிலில் உள்ளவர்கள் கவனிக்கவும்

நுவரெலியா, பண்டாரவளை, எல்ல பகுதிகளில் விடுதிகளின் கண்ணாடி யன்னல்களைச் சுத்திகரித்த நீரால் கழுவும் தொழில் செய்பவர்களும், அதில் இறங்க நினைப்பவர்களும் இதை வாசித்துவிட்டுப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொழும்பு விற்பனையாளர் ஒருவர் எனக்கு ஆர்.ஓ. தொகுதி ஒன்றை, அதாவது நீரை அழுத்தத்தோடு நுண்ணிய சவ்வு ஒன்றினூடாகத் தள்ளி உப்பைப் பிரிக்கும் கருவியை விற்றார். முதல் விலைமனுவில், சவ்வுக்குப் போகும் நீரின் அழுத்தத்தை உயர்த்தும் பூஸ்டர் பம்ப் இருந்தது; நான் விலை குறைக்கக் கேட்டபோது, உங்கள் இடத்துக்கு அது தேவையே இல்லை என்று சொல்லி அதை நீக்கினார்கள்.

அதற்கு ஆதாரமாக அவர்களுடைய ஆள் வந்து அளந்து காட்டினார். எங்கள் பீலித் தண்ணீர், அதாவது மலை ஊற்றுநீர், வீட்டுக்கு மேலே, ஏறக்குறைய 25 மீற்றர் உயரத்திலுள்ள தாங்கியிலிருந்து வருகிறது. அவர் குழாயை மூடிவைத்து அழுத்தமானியைப் பொருத்தினார். முள் 36 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டியது. மூடிய குழாய் காட்டுவது தாங்கியின் உயரத்தை மட்டுமே, அதாவது 10 மீற்றருக்கு ஏறக்குறைய 1 பார், 14.5 பி.எஸ்.ஐ. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் நீண்ட அரை அங்குலக் குழாயின் உராய்வில் அழுத்தம் விழுந்துவிடும். பின்னர் நான் திறந்துவைத்து அளந்தபோது 20ஐக்கூடத் தொடவில்லை. இத்தகைய ஆர்.ஓ. சவ்வு சரியாக வேலை செய்ய, நீர் ஓடும் நிலையிலேயே குறைந்தது 40 பி.எஸ்.ஐ. தேவை. நீரின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸிலிருந்து குறையும் ஒவ்வொரு பாகைக்கும் சுத்திகரித்த நீரின் உற்பத்தி சுமார் 3 சதவீதம் விழும் என்பதால், நுவரெலியாக் குளிரில் நிலைமை இன்னும் மோசமாகும்.

முறையிட்டபோது, யன்னல் கழுவும் தூரிகைக் கம்பத்துக்கு நீர் ஏற்றும் 12 வோல்ட் பம்பைக் காட்டி, "பம்ப்தான் இருக்கிறதே" என்றார்கள். அது சுத்திகரித்த நீரை மேல்மாடிக் கண்ணாடிக்கு ஏற்றுவது. சவ்வுக்கு முன்னால் அழுத்தம் கொடுப்பது அல்ல.

இதைவிடப் பெரிய கேடு அதற்குப் பிறகு நடந்தது. திருத்த வந்த அவர்களுடைய ஆள், சவ்வில் பிரிந்த உப்போடு நீர் வெளியேறும் கழிவுநீர் வால்வை ஏறக்குறைய முழுவதுமாக அடைத்துவிட்டு, முள் ஏறியதைக் காட்டி, சரியாகிவிட்டது என்று கையொப்பம் வாங்கிச் சென்றார். ஓட்டம் குறைந்ததால் ஏறிய முள் அது. உப்பை வெளியே கொண்டுபோக வேண்டிய நீர் அடைபட்டதால், உப்பு சவ்வின் மேலேயே தேங்கியது; சுத்திகரித்த நீரின் டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு ஏறியது, எஞ்சிய உப்பை உறிஞ்ச அடுத்திருந்த டி.ஐ. ரெசின் மிக விரைவில் தீர்ந்தது. கழுவிய கண்ணாடிகள் வெண்புள்ளிகளோடு காய்ந்தன, விடுதிக்காரர் மறுபடி கழுவச் சொன்னார். எங்கள் ஊற்றுநீரின் டி.டி.எஸ். 45 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 45 பங்கு) மட்டுமே, அதை முதலிலேயே அளந்திருந்தால் ரெசின் கலம் ஒன்றே போதும் என்று நேர்மையான விற்பனையாளர் சொல்லியிருப்பார். இவர்கள் அளக்கவே இல்லை.

இப்போது சவ்வை மாற்ற மறுக்கிறார்கள். குறைந்த அழுத்தத்தில் இயக்கினால் உத்தரவாதம் செல்லாது என்று பற்றுச்சீட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கிறார்களாம். போதும் என்று சொன்னவர்களே அவர்கள்!

வாங்குவதற்கு முன், குழாயைத் திறந்து தண்ணீர் ஓடும்போது அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணையும், பம்ப் இல்லாமல் இயங்கும் என்ற வாக்குறுதியையும் விலைமனுவில் எழுதிக் கையொப்பமிடச் செய்யுங்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. இரண்டு விலைமனுக்களையும் இணைத்து என் முறைப்பாட்டை அனுப்பியிருக்கிறேன்.