வாடிக்கையாளர் தளங்களைப் பராமரிக்க மெயின்டபிள்யூபி: என் நீண்டகால அனுபவம்

கோயம்புத்தூரில் சிறு நிறுவனங்களுக்கு இணையதளம் வடிவமைத்துத் தருகிறேன். தளத்தை உருவாக்கி ஒப்படைக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். அதைக் கவனித்துக்கொள்ளும் வேலைதான் ஆண்டுக்கணக்கில் நீளும். அதற்காக 2019 முதல் மெயின்டபிள்யூபி என்ற கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் 31 தளங்கள் இப்போது அதில் இணைந்துள்ளன.

தனியாக ஒரு வேர்ட்பிரஸ் நிறுவி அதில் மெயின்டபிள்யூபியின் டாஷ்போர்டு (கட்டுப்பாட்டுத் திரை) பிளகினையும் (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்), வாடிக்கையாளர் தளம் ஒவ்வொன்றிலும் 'சைல்டு' பிளகினையும் ஏற்றி இணைத்துவிட்டால், எந்தத் தளத்தில் எந்தப் பிளகின் புதுப்பிப்புக்குக் காத்திருக்கிறது என்பதை ஒரே திரையில் பார்க்கலாம். ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியாக உள்நுழைந்து இரண்டு நாள் செய்த வேலை இப்போது ஒரு காலைப்பொழுதில் முடிகிறது. அடிப்படை வசதிகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் டாஷ்போர்டு நம் சர்வரிலேயே இருப்பதால், அதில் எவரேனும் ஊடுருவினால் அத்தனை வீட்டுச் சாவியும் ஒரே கையில் சிக்கியதாகிவிடும். ஆகவே அதை எந்த வாடிக்கையாளர் தளமும் இல்லாத தனி ஹோஸ்டிங்கில் வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கும் வசதியை நான் தொடுவதில்லை. 2020 ஆகஸ்டில் வெளியான வேர்ட்பிரஸ் 5.5, பழைய நிரல்கள் தொடர்ந்து இயங்க உதவும் ஜேக்குவெரி மைக்ரேட் என்ற துணை நிரலைத் தானாக ஏற்றுவதை நிறுத்தியபோது, பழைய தீம்களில் (தள வடிவமைப்புகளில்) ஓடிக்கொண்டிருந்த மூன்று தளங்களில் முகப்புப் படங்கள் நகராமல் நின்றன. மொபைலில் மெனு திறக்கவில்லை. தளம் திறக்கிறது என்ற அளவில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஒரு ஜவுளிக்கடைக்காரர் அழைத்துச் சொன்ன பிறகே எனக்குத் தெரியவந்தது. அதன்பின் முதலில் என் சொந்தத் தளத்தையும், மறுநாள் விற்பனை நடக்காத தளங்களையும், கடைசியாக மற்றவற்றையும் புதுப்பிக்கிறேன்; முன்னதாக பேக்கப் எடுப்பதும், முடிந்ததும் தொடர்புப் படிவத்தில் ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்ப்பதும் கட்டாயம்.

இந்தக் கருவியின் எல்லைக்கு வெளியே இருப்பவைதான் எனக்கு அதிகத் தொல்லை தந்தன. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்ததையடுத்து 8-க்கு மாற்றியபோது, ஒரு தளம் பழைய பிளகின் ஒன்றால் முடங்கியது. அத்தகைய பிழை நேர்ந்தால் வேர்ட்பிரஸ் நிர்வாகி முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பும். அந்த முகவரியோ வேலையை விட்டுப் போய்விட்ட கணக்காளருடையது. அதைவிட மோசமானது ஒரு பம்ப் உற்பத்தியாளரின் டொமைன் (இணைய முகவரிப் பெயர்) காலாவதியானது. முதலில் தளம் அமைத்துக் கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்திருந்தார். நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்கே போயின. தளம் நின்றதை நிறுவனத்தார் கவனிக்கவில்லை, கொள்முதல் ஆணைகள் வரும் மின்னஞ்சலும் சேர்ந்து நின்ற பிறகுதான் பதறினார்கள். காலாவதிக்குப் பின் கூடுதல் கட்டணம் கட்டினால் மட்டுமே திரும்பப் பெறக்கூடிய மீட்புக் காலத்துக்குள் போய்விட்ட டொமைன் என்பதால், வழக்கமான புதுப்பிப்புக் கட்டணத்தைப் போல் பல மடங்கு கட்டித்தான் மீட்டோம்.

ஏசிக்கும் லிப்டுக்கும் தயங்காமல் ஏ.எம்.சி. போடுபவர்கள், இணையதளத்துக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் என்றதும் "அதான் நல்லா ஓடுதே" என்கிறார்கள். மாதந்தோறும் என்னென்ன செய்தேன் என்று ஒரு பக்க அறிக்கை அனுப்பத் தொடங்கியபின் அந்தப் பேச்சு குறைந்திருக்கிறது.

டாஷ்போர்டில் ஒவ்வொரு தளத்துக்கும் குறிப்பெழுத இடம் உண்டு. டொமைன் யார் பெயரில் இருக்கிறது, என்று முடிகிறது, நிர்வாகி மின்னஞ்சலை யார் பார்க்கிறார் என்பவற்றை அதில் எழுதி வைக்கிறேன். அண்மையில் சேர்ந்த ஒரு பள்ளியின் பிளகின்களைப் புதுப்பிக்க அரைமணி நேரம் ஆனது. இந்தக் குறிப்பை நிரப்பப் பன்னிரண்டு நாள் ஆனது.