எடைமேடைக் கணினியில் ஆறு வருடமாக ப்ராக்டம்ப்

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீடு காலடிப்பேட்டை. ராத்திரி ஒரு மணிக்குப் போன் வந்தால் அது பெரும்பாலும் எடைமேடையிலிருந்துதான். "தம்பி, ஸ்க்ரீன் நின்னுபோச்சு. எம்.எஃப்.எல். உரக் கம்பெனி வரைக்கும் வண்டி நிக்குது." சூப்பர்வைசர் அண்ணன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், ஆனாலும் பாதி உண்மை. 2016 ஜூலையிலிருந்து, சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் ஏற்றுமதிப் பெட்டியைக் கப்பலில் ஏற்ற முடியாது. அதனால் எடைச் சீட்டு வரவில்லை என்றால் டிரெய்லர் நகராது.

ரொம்ப நாள் என் வைத்தியம் ரீஸ்டார்ட்தான். மென்பொருள் போட்டுக் கொடுத்தவர்களிடம் கேட்டால் "உங்க விண்டோஸ்ல ஏதோ வைரஸ் சார்" என்பார்கள். மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இருக்காது, ரீஸ்டார்ட் செய்த கையோடு தடயமும் போயிருக்கும். அந்த எரிச்சலில் தேடும்போதுதான் ப்ராக்டம்ப் கிடைத்தது.

இது மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் என்ற கருவித் தொகுப்பில் உள்ள ஒரு சின்ன கட்டளைவரிக் கருவி. 2009-ல் முதலில் வந்தது, இலவசம், இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தை அந்த நொடியில் இருக்கிறபடியே ஒரு கோப்பில் எழுதித் தரும். அந்தக் கோப்புதான் டம்ப். விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் மேனேஜரும்தான் டம்ப் எடுக்குமே என்று கேட்கலாம். என் முதல் டம்ப்பே அதில் எடுத்ததுதான், பயன்படவில்லை. எங்கள் எடை நிரல் டாட்நெட்டில் எழுதிய 32 பிட் நிரல், விண்டோஸ் 64 பிட். அந்த டாஸ்க் மேனேஜர் 64 பிட் டம்ப்பாக எடுத்து வைக்க, டம்ப்பைப் படிக்கும் கருவியான விண்டிபக்கில் திறந்தால் டாட்நெட் பக்கம் ஒன்றுமே படிக்க வரவில்லை. ப்ராக்டம்ப் 32 பிட் நிரலுக்கு 32 பிட் டம்ப்பாகவே எடுக்கிறது. அதோடு நான் தூங்கும்போது அது காவல் இருக்கும்.

நான் அதிகம் நம்பியிருப்பது '-ஹெச்' என்ற ஒரு சுவிட்சை, அதாவது கட்டளையோடு சேர்த்து எழுதும் குறியை. நிரலின் ஜன்னல் ஐந்து நொடியாவது பதில் சொல்லாமல் நின்றால் உடனே டம்ப் எடுக்கும். கூடவே '-எம்ஏ' கொடுத்தால் முழு நினைவகமும் வரும். கொடுக்காவிட்டால் வருவது மினி டம்ப், டாட்நெட் விவகாரத்துக்கு அது போதாது. எங்கள் அறையில் முழு டம்ப்பை "எம்.ஏ. படிச்சது" என்போம். '-டபிள்யூ' போட்டால் நிரல் திறக்கும்வரை காத்திருந்து பிடித்துக்கொள்ளும். மூன்றையும் சேர்த்து ஒரு பேட்ச் கோப்பில் எழுதி ஸ்டார்ட்அப்பில் போட்டேன்.

முதல் வாரம் ஒன்றும் சிக்கவில்லை. போய்ப் பார்த்தால், முதல் தடவை ஓடும்போது வரும் உரிம ஒப்புதல் பெட்டி மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் 'அக்ரீ' அழுத்த ஆளில்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. '-அக்செப்ட்யூலா' என்று வரியிலேயே சேர்த்த பிறகு அந்தத் தொல்லை விட்டது. இன்னொன்று: எத்தனை டம்ப் வேண்டும் என்று '-என்'-னில் சொல்லாவிட்டால் ஒன்றை எடுத்துவிட்டுக் கடையை மூடிவிடும். இரண்டாவது தடவை நின்றபோது காவலுக்கு ஆள் இல்லை.

ஒரு மழை நாள் ராத்திரி 2.10-க்குச் சிக்கியது. கோப்பின் பெயரிலேயே தேதியும் நேரமும் இருக்கும். சுமார் 600 எம்பி. காலையில் டீயோடு உட்கார்ந்து ஒவ்வொரு திரெட்டாக, அதாவது நிரலுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் ஒவ்வொரு வேலையாகப் பார்த்தேன். திரையைக் கவனிக்கும் முதன்மை திரெட், எடைக்கருவியின் சீரியல் போர்ட்டை மூடச் சொல்லிவிட்டு, அது மூடட்டும் என்று காத்திருக்கிறது. போர்ட்டிலிருந்து எடையை வாங்கும் திரெட்டோ, வந்த எண்ணைத் திரையில் எழுத 'இன்வோக்' கூப்பிட்டுவிட்டு, முதன்மை திரெட் வரட்டும் என்று காத்திருக்கிறது. குறுகிய சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு மீன்பாடி வண்டி மாதிரி, நீ முதல்ல நகரு, நான் அப்புறம் வரேன். ஒவ்வொரு சீட்டுக்கும் போர்ட்டைத் திறந்து மூடும்படி எழுதியிருந்தார்கள். மூடும் நொடியில் கருவி இன்னொரு எடையை அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. இரண்டு திரெட்டும் எந்த இடத்தில் நிற்கின்றன என்று காட்டும் ஸ்டாக்கைப் படம் எடுத்து அனுப்பினேன். வைரஸ் பேச்சு அன்றோடு நின்றது. 'இன்வோக்'கை, சொல்லிவிட்டுக் காத்திருக்காமல் போகும் 'பிகின்இன்வோக்' ஆக்கினார்கள், அவ்வளவுதான் திருத்தம்.

சிபியு விஷயத்தில் நானே முட்டாளானேன். கேட் கேமரா நிரல் ஒன்று அவ்வப்போது மிஷினைத் திணறடித்தது. சிபியு 80 சதவீதத்தைத் தாண்டினால் டம்ப் எடுக்கட்டும் என்று '-சி 80' போட்டுவிட்டுப் பத்து நாள் காத்திருந்தேன், ஒரு டம்ப்கூட இல்லை. அந்தக் கணக்கு ப்ராசஸரின் எல்லா கோருக்கும் சேர்த்து. எட்டு லாஜிக்கல் கோர் உள்ள மிஷினில் ஒரு திரெட் ஒரு கோரை முழுசாகத் தின்றாலும் 12.5 சதவீதம்தான் காட்டும். '-யு' சேர்த்தால் ஒரு கோரை வைத்துக் கணக்கிடும். விளக்கத்தில் ஒரே வரியில் இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. நினைவகம் ஏறும்போது பிடிக்கும் '-எம்' சுவிட்ச் என்னைச் சோதித்ததில்லை, எம்பி அளவைச் சொன்னால் போதும்.

குறைகளும் உண்டு. முழு டம்ப் எழுதி முடியும்வரை நிரல் உறைந்து நிற்கும். ஹேங் ஆன நிரலுக்கு அது பரவாயில்லை, வேலை செய்துகொண்டிருக்கும் நிரலை நிறுத்தினால் கேட்டில் ஹாரன் சத்தம் கேட்கும். '-ஆர்' போட்டால் நிரலை நகல் எடுத்து அந்த நகலிலிருந்து எழுதும், நிற்கும் நேரம் குறையும். டிஸ்க்கும் நிறையும். ஒருமுறை டி டிரைவ் நிரம்பி எடைச் சீட்டுகளின் பேக்கப் நின்றுபோனது. வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

பெரிய ஆபத்து வேறு. அந்த மழை நாள் டம்ப்பில் டேட்டாபேஸ் கடவுச்சொல் அப்படியே படிக்கும்படி இருந்தது. நல்லவேளை, முழுக் கோப்பையும் வெளியே அனுப்பவில்லை. எல்சாஸ் என்ற விண்டோஸ் நிரலிலிருந்து கடவுச்சொல் தகவலைத் திருடத் தாக்குதல்காரர்கள் இதே ப்ராக்டம்ப்பைப் பயன்படுத்துவதும் உண்டு. அதனால் தலைமை அலுவலகத்தின் பாதுகாப்பு மென்பொருள் எங்கள் எடைமேடைக் கணினியை ஒருநாள் நெட்வொர்க்கிலிருந்தே வெட்டிவிட்டது. விளக்கக் கடிதம் எழுதி, விலக்கு வாங்க மூன்று வாரம். நீங்கள் போடுவதாக இருந்தால் முதலில் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

பிற்பாடு லினக்ஸுக்கும் ஒரு ப்ராக்டம்ப் வந்தது. எங்கள் உபுண்டு சர்வரில் போட்டிருக்கிறேன். ஜன்னல் சமாசாரம் அங்கே இல்லை, சிபியு, நினைவகம் இரண்டுக்கும் போதும்.

சூப்பர்வைசர் அண்ணன் போன் செய்வது மட்டும் நிற்கவில்லை. போன வாரமும் வந்தது, பிரின்டர் விஷயமாக. "தம்பி, சீட்டு வரல. ரீஸ்டார்ட் பண்ணல, நீ சொன்ன கறுப்பு விண்டோ ஏதோ எழுதிக்கிட்டு இருக்கு. நாலு வண்டி நிக்குது. எழுதி முடிச்சதும் பண்ணவா?"