விழிப்புணர்வுத் தினப் பொதி: வன்னிப் பாடசாலைக்கு எது உதவும், எது உதவாது

கிளிநொச்சி, வவுனியா புத்தகக் கடைகளில் ஒரு வகை அட்டைப் பெட்டி விற்பனைக்கு வருகிறது. சர்வதேச விழிப்புணர்வுத் தினங்களைப் பாடசாலையில் அனுட்டிப்பதற்கான பொதி. ஏறக்குறைய ஒரே உள்ளடக்கம் வேறு வேறு பெயர்களில் வருவதால் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பெட்டியின் பின்புறப் பட்டியலைப் பார்த்தால் இனங்காணலாம்: ஒரு சுவர் நாட்காட்டி, 12 செயற்பாட்டு அட்டைகள், ஒரு பிரெய்ல் அட்டை, ஒரு சைகைமொழிச் சுவரொட்டி, கண்கட்டும் துணி 5, மடக்குப் பிரம்பு ஒன்று, ஸ்ரிக்கர் தாள், 32 பக்கக் கையேடு. இதில் பாதி உருப்படியானது. மற்றப் பாதி, காலைப் பிரார்த்தனையில் பதாகை பிடித்துப் படம் எடுத்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப மட்டுமே உதவும்.

நாட்காட்டியிலிருந்து தொடங்கலாம். பொதியின் பலமும் ஓட்டையும் அதில்தான் இருக்கின்றன. திகதிகள் சரி. ஒவ்வொரு தினத்துக்கும் ஏன் அந்தத் திகதி என்று ஒரு வரி தந்திருப்பதும் நல்ல வேலை. லூயி பிரெய்ல் பிறந்தது 1809 ஜனவரி 4, ஆகவே அது உலக பிரெய்ல் தினம். டவுண் சிண்ட்ரோமில் 21ஆவது நிறமூர்த்தம் மூன்று இருப்பதால் மூன்றாம் மாதம் 21 உலக டவுண் சிண்ட்ரோம் தினம். உலகச் செவிப்புலனற்றோர் சம்மேளனம் 1951 செப்டெம்பர் 23 இல் தொடங்கியதால் அன்று சைகைமொழிகள் தினம். டிசெம்பர் 3 ஐ மாற்றுத்திறனாளிகள் தினமாக ஐ.நா. பொதுச்சபை 1992 இல் அறிவித்தது. தரம் 6 க்கு மேற்பட்ட பிள்ளைகள் முதலில் கேட்பது இந்த 'ஏன்' களைத்தான்.

ஓட்டை என்னவென்றால், எங்கள் தவணை அதில் இல்லை. ஜனவரி 4 இல் பெரும்பாலான ஆண்டுகளில் பாடசாலை முழுமையாக நடக்காது. ஏப்ரல் 2 ஓட்டிச தினம், சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்திய அவசரத்துக்குள் வந்து விழும். டிசெம்பர் 3 வரும்போது மாரி, வகுப்பில் பாதிப்பேர் இருக்கமாட்டார்கள், விடுமுறை விட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒக்ரோபர் 6 உலகப் பெருமூளை வாத தினம். ஆனால் இலங்கையில் அன்று ஆசிரியர் தினம். பிள்ளைகள் மாலையும் கேக்குமாக நிற்கும்போது வேறு எதுவும் எடுபடாது. ஒக்ரோபர் 1 ஏற்கெனவே சிறுவர் தினமும் முதியோர் தினமும்.

ஆகவே திகதியை மதித்து, வேலையை நகர்த்துங்கள். பிரெய்லை ஒக்ரோபர் 15, வெள்ளைப் பிரம்பு தினத்தோடு சேர்த்துவிடலாம். டிசெம்பர் 3 க்கான அட்டையை மூன்றாம் தவணை தொடங்கியதும், நிலம் காய்ந்திருக்கும்போதே எடுக்கவேண்டும். செப்டெம்பர் 23 ஒன்றுதான் வைத்த இடத்திலேயே நன்றாகப் பொருந்துகிற நாள். மார்ச் 21 க்கான வேலை, அதற்கு முன்பே இல்ல மெய்வல்லுநர் போட்டியில் நடக்கவேண்டும். விசேட கல்வி அலகுப் பிள்ளைகளை 'சிறப்பு நிகழ்ச்சி' என்று தனியாக ஓடவிட்டு எல்லோருக்கும் ஒரே பரிசு கொடுப்பதற்குப் பதிலாக, அஞ்சலோட்டத்தில் ஒரு சுற்றை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்து இல்லத்தின் புள்ளியில் சேர்த்தால் அதுவே பாடம். கையேடு இதைப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை. அது சொல்வதெல்லாம் வேறு வேறு நிறக் காலுறை போட்டு வரச் சொல்லுங்கள் என்பதுதான். ஒரு சோடி வெள்ளைக் காலுறையைத் தோய்த்துத் தோய்த்துப் போடும் பிள்ளைகளிடம் கலர்க் காலுறை கேட்பது அபத்தம். கடதாசியில் வெட்டி ஒட்டினால் போதும்.

பிரெய்ல் அட்டை பொதியின் மிக மோசமான பொருள். புள்ளிகள் கறுப்பு மையில் அச்சிடப்பட்டு, மேலே லமினேற் செய்யப்பட்டிருக்கிறது. விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. கண் தெரிந்தவர் கண்ணால் பார்க்கும் பிரெய்ல்! 'அம்மா' என்ற மாதிரிச் சொல்லிலும் பிழை. பிரெய்ல் கட்டம் ஒன்றில் ஆறு புள்ளி: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. தமிழ் பிரெய்லில் மெய்யெழுத்தின் புள்ளிக் குறி (4ஆம் புள்ளி) எழுத்துக்கு முன்னால் வரும். அட்டையில் பின்னால் போட்டிருக்கிறார்கள். சரியான வரிசை ஐந்து கட்டங்கள்: அ (1), புள்ளிக் குறி (4), ம (1-3-4), மீண்டும் ம (1-3-4), ஆகாரக் குறி (3-4-5).

வகுப்பிலேயே செய்துகொள்ள வழி உண்டு. பிரெய்ல் சிலேற்றும் (புள்ளி அழுத்தும் சட்டம்) ஊசியும் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் தடித்த பிறிஸ்டல் போட் துண்டு, அடியில் பழைய றப்பர் செருப்பு, மை முடிந்த போல்பொயின்ற் பேனை போதும். புள்ளிக்குப் புள்ளி இரண்டரை மில்லிமீற்றர், கட்டத்துக்குக் கட்டம் 6 மில்லிமீற்றர். பின்பக்கத்திலிருந்து அழுத்துவதால் வலமிருந்து இடமாக, கண்ணாடி விம்பம்போல எழுதவேண்டும்: 1, 2, 3 வலப்பக்கத்தில், 4, 5, 6 இடப்பக்கத்தில். திருப்பினால் சரியாக வரும். பிள்ளைகள் பிழைவிடும் இடம் இதுதான், அதனால் முதலில் 'அ', 'ம' இரண்டை மட்டும் கொடுங்கள். பசைத் துளியால் பெரிய புள்ளி வைக்கும் முறை அழகாகத் தெரியும். ஆனால் கட்டம் பெருத்தால் விரல்நுனிக்குள் அடங்காது. பிரெய்ல் வாசிக்கத் தெரிந்த பிள்ளையால்கூட அதை வாசிக்க முடியாமல் போகும். பேனைமுனை தாளைத் துளைத்தாலும் பயனில்லை. மேடாக நிற்கவேண்டும், ஓட்டையாகக்கூடாது.

சைகைமொழிச் சுவரொட்டி இணையத்திலிருந்து எடுத்த அமெரிக்க ஒற்றைக்கை ஆங்கில எழுத்து வரிசை. ஒட்டுசுட்டானில் ஒரு செவிப்புலனற்ற பிள்ளையோடு பேச அது உதவாது. உள்ளூரில் பழகும் சைகையை உள்ளூர்ச் செவிப்புலனற்ற பெரியவர் ஒருவரிடமே கற்கவேண்டும். செவிப்புலனற்ற பிள்ளைகளும் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்து ஊருக்குத் திரும்பியவர்கள் இருந்தால் அவர்களை அழையுங்கள். போக்குவரத்துச் செலவும் ஒரு பாடவேளைக்குரிய கொடுப்பனவும் கொடுத்து ஆசிரியராக அழைக்கவேண்டும், மேடையில் இருத்திப் பொன்னாடை போர்த்துவதற்கு அல்ல. ஒரு பாடவேளைக்குப் பத்துச் சைகை போதும்: தண்ணீர், சாப்பாடு, கழிவறை, நோகுது, விளங்கேல்லை, திரும்பச் சொல்லுங்கோ என்று அன்றாடம் தேவைப்படுகிறவை. சுவரொட்டியின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்புகள்தான் உண்மையில் பயனுள்ளவை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசவேண்டாம், யன்னலுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டாம் (முகம் இருட்டாகும்), பிள்ளையை முன்வரிசை ஓரத்தில் சற்றுத் திருப்பி இருத்தினால் ஆசிரியரையும் சக மாணவரையும் பார்க்கலாம். அந்தப் பகுதியை வெட்டி ஆசிரியர் அறையில் ஒட்டிவிட்டு மிச்சத்தை விட்டுவிடலாம்.

கண்கட்டும் துணி ஐந்தையும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். ஒரே துணியை மாறி மாறிக் கட்டினால் கண்நோய் பரவும் என்பது சின்ன விடயம். பெரிய விடயம், ஐந்து நிமிடம் கண்ணைக் கட்டி நடந்த பிள்ளை பயத்தையும் பரிதாபத்தையும்தான் கற்றுக்கொள்ளும். பல வருடம் பழகிய பார்வையற்றவர் எவ்வளவு இலகுவாக நடமாடுகிறார் என்பது அதற்குத் தெரியவராது. அதே பாடவேளையில் வழிகாட்டும் முறையைப் பழக்கலாம். பார்வையற்றவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடிப்பார், நீங்கள் அரைக் காலடி முன்னே நடப்பீர்கள். அவரைப் பிடித்துத் தள்ளக்கூடாது, பிரம்பைப் பிடித்து இழுக்கக்கூடாது. படி வருமுன் நின்று 'மேலே படி', 'கீழே படி' என்று சொல்லவேண்டும். பொதியிலுள்ள மடக்குப் பிரம்பு பெரியவரின் உயரத்துக்கானது. நெஞ்சுக்குழி அளவுக்கு வரவேண்டும் என்பதால் தரம் 5 பிள்ளைக்குப் பொருந்தாது. காட்டி விளக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

காலைக் கட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் ஓடும் போட்டி என்று ஒரு அட்டை உண்டு. அதைக் கிழித்துப் போடுவது நல்லது. வன்னியில் வகுப்புக்கு வகுப்பு எறிகணையிலோ மிதிவெடியிலோ காலிழந்த அப்பா, மாமா, அக்கா உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தப் பொதி செய்தவர்களுக்கு அது நினைவில் வரவில்லை. அதனால்தான் ஏப்ரல் 4, மிதிவெடி விழிப்புணர்வுக்கான சர்வதேச தினம், நாட்காட்டியிலேயே இல்லை. ஐ.நா. 2005 இல் அறிவித்த தினம் அது. ஆளணி எதிர்ப்பு மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்தது. முகமாலை பக்கம் வெடி அகற்றியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிடக் கிட்டிய தினம் வேறெது? கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடம் விஞ்ஞானமாகவே போகட்டும்: செயற்கைக் காலின் கிண்ணம் (எஞ்சிய கால் உள்ளே போகும் பகுதி) எப்படிப் பொருந்துகிறது, வெயிலில் வியர்வை ஏன் புண்ணாக்குகிறது, வளரும் பிள்ளைக்கு ஏன் அடிக்கடி புதிய கால் வேண்டும், காலைப் பிரார்த்தனையில் நிலத்தில் சம்மணம் போட்டு இருக்க ஏன் கஷ்டம். கதிரை ஒன்று போட்டுக் கொடுப்பதற்குப் பாடசாலைக்கு ஒரு சதமும் செலவில்லை. 'உங்கள் வீட்டில் யாருக்கு?' என்று மட்டும் வகுப்பில் கேட்கவேண்டாம்.

ஓட்டிச தின அட்டை பாண்ட் வாத்தியத்தோடு ஊர்வலம் போகச் சொல்கிறது. சத்தம் தாங்காத பிள்ளைகளுக்காக ஒலிபெருக்கி! ஸ்ரிக்கர் தாளில் உள்ள புதிர்த்துண்டுச் சின்னமும் ஓட்டிசம் உள்ள பலர் விரும்பாதது. முடிவிலிச் சின்னத்தைத்தான் அவர்கள் இப்போது பயன்படுத்துகிறார்கள். அன்றைக்கு மணி அடிப்பதை மெதுவாக்கி, அன்றைய பாடவேளைகளைப் படமாகக் கரும்பலகை ஓரத்தில் ஒட்டினால் போதும். மறுநாளும் அப்படியே விடலாம்.

பொதியில் மிகச் சிறந்தது டிசெம்பர் 3 க்கான அட்டை. பாடசாலையை அளந்து பார்க்கும் செயற்பாடு. அளவுநாடா, நூல், பென்சில் போதும், ஐந்து பேர் கொண்ட குழு, இரண்டு பாடவேளை. வாசல் அகலம் 90 சென்ரிமீற்றர் உண்டா, கழிவறைக் கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீற்றர் விட்டமுள்ள இடம் இருக்கிறதா, வாயிலிலிருந்து வகுப்பு வரை கிரவலா மணலா என்று வரிசையாகக் கேட்கிறது. ஒரு குறை, அட்டையில் வரைந்திருக்கும் சாய்தளம் பலகை சாத்தியதுபோல் செங்குத்தானது. சரியான சரிவு 1 க்கு 12. இரண்டு படி, 30 சென்ரிமீற்றர் உயரம் என்றால் நீளம் 3.6 மீற்றர் வேண்டும். இடமில்லை என்று 2 மீற்றரில் கட்டிவிடுவதுதான் வழக்கமான பிழை. அதில் நாற்காலியைத் தானாக ஏற்ற முடியாது, இறங்கும்போது முன்பக்கமாகக் கவிழும். நேராக இடமில்லையென்றால் நடுவில் மட்டமான தரிப்பு வைத்துத் திருப்பிக் கட்டவேண்டும்.

தரம் 10 கணித ஆசிரியருக்கு இது பரிசு. 3.6 மீற்றர் நீளம், 1.2 மீற்றர் அகலம், 0.3 மீற்றர் உயரமுள்ள முக்கோண அரியத்தின் கனவளவு 0.648 கன மீற்றர். மேசனின் கணக்கில் கால் கியூப்புக்கும் (ஒரு கியூப் 100 கன அடி) சற்றுக் குறைவு. அடியில் கல்லும் கிரவலும் நிரப்பி மேலே கொங்கிறீற் போட்டால் சீமெந்துச் செலவு இன்னும் குறையும். மேற்பரப்பைத் தும்புத்தடியால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக்கவேண்டும், இல்லாவிட்டால் மாரியில் வழுக்கும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே எழுதிப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வைத்தால் மறுப்பது கஷ்டம்.

கையேட்டின் பேச்சு, கட்டுரை, சித்திரப் போட்டிப் பக்கங்களைத் தாண்டிவிடலாம். விசேட தேவையுள்ள பிள்ளையை மேடைக்கு அழைத்து அறிமுகப்படுத்தச் சொல்லும் பகுதி ஆபத்தானது. பிள்ளையும் பெற்றோரும் முதலே சம்மதிக்காமல் அதைச் செய்யக்கூடாது, படம் எடுத்து முகப்புத்தகத்தில் போடவும் கூடாது. 

ஒரு பாடசாலைக்கு ஒரு பொதி போதும். மாங்குளம், துணுக்காய் பக்கச் சிறிய பாடசாலைகள் மூன்று நான்கு சேர்ந்து வாங்கி அட்டைகளைச் சுற்றில் விடலாம், எல்லோரும் ஒரே நாளில் செய்யவேண்டும் என்று சட்டமில்லை. வாங்கமுன் கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி பிரெய்ல் அட்டையை விரலால் தடவிப் பாருங்கள்: புள்ளி மேடாக இருந்தால் அது திருத்திய பதிப்பு. நாட்காட்டியில் கிழமை அச்சிடாததால் அடுத்த ஆண்டும் பயன்படும். அதை லமினேற் செய்யவேண்டாம், தவணைத் திகதிகளைப் பென்சிலால் எழுதி அழிக்கவேண்டியிருக்கும்.