முதல் டிஎஸ்எல்ஆர் என்றால் நிக்கான் டி3500
முதன்முதலாக டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய கேமரா) வாங்குகிறவர்களுக்கு நான் இன்னமும் சொல்வது நிக்கான் டி3500தான். 2018-இல் வந்த மாடல், இப்போது தயாரிப்பில் இல்லை, அதனால் செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். ஷட்டர் கவுண்ட்டை, அதாவது அந்தக் கேமராவில் இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறார்கள் என்ற கணக்கை, கட்டாயம் பாருங்கள். 24.2 மெகாபிக்சல், கையில் கனமே தெரியாது, பேட்டரி ஒரு சார்ஜில் 1,550 படம் வரை வரும் என்பது கம்பெனிக் கணக்கு, கல்யாண வீட்டில் நாள் முழுக்க எடுக்கலாம். ஒன்று மட்டும் கவனம், கேமரா பாடிக்குள் லென்ஸைத் தானாக ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது, ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப்-டி 50 எம்எம் லென்ஸை வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கும் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி வகை என்று கேட்டு வாங்குங்கள். சரி, வீடியோதான் முக்கியமா? அப்படியானால் இது வேண்டாம், தனி மைக் மாட்டவே வழியில்லை. கேனான் 200டி மார்க் 2 பக்கம் போங்கள், மைக் சாக்கெட்டும் திருப்பிக்கொள்ளும் தொடுதிரையும் அதில் உண்டு.