ப்ரைம்95: சிபியுவைச் சும்மா விடாத மென்பொருள்

மெர்சென் பகா எண் தேடுவதற்கான இலவச மென்பொருள். இந்த எண்களைப் பலருடைய கம்ப்யூட்டர்களில் பகிர்ந்து தேடும் கிம்ப்ஸ் (GIMPS) திட்டத்தை 1996-இல் தொடங்கிய ஜார்ஜ் வோல்ட்மன் எழுதியது. நிறுவியதும் சர்வரிலிருந்து ஓர் அடுக்கெண் வந்து சேரும். 2-ஐ அந்த அடுக்குக்கு ஏற்றி ஒன்றைக் கழித்தால் வருவது பகா எண்தானா என்று நம் கம்ப்யூட்டர் சோதித்துச் சொல்ல வேண்டும். பதில் அநேகமாக "இல்லை" என்றுதான் வரும். எனக்கு வந்தவை எல்லாம் அப்படித்தான். லாட்டரிச் சீட்டு வாங்கும் நினைப்போடு வருகிறவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

எனக்குப் பிடித்தது அது வேலையை அணுகும் விதம். எடுத்த எடுப்பில் பெரிய சோதனைக்குப் போகாது. அடுக்கு p ஒற்றைப் பகா எண்ணாக இருந்தால், 2^p − 1-இன் வகுத்திகள் 2kp + 1 வடிவில்தான் இருக்க முடியும் (k ஒரு முழு எண்). 2^11 − 1 = 2047-ஐப் பாருங்கள்: 23 × 89. ஒன்று 22 + 1, இன்னொன்று 88 + 1. இப்படிச் சின்ன வகுத்தி ஏதாவது சிக்குகிறதா என்று முதலில் சலித்துவிட்டு, தப்பியவற்றுக்குத்தான் நாள்கணக்கில் ஓடும் சோதனை.

அதன் பழைய வடிவமான லூகாஸ்-லெமரை நாமே தாளில் போட்டுப் பார்க்கலாம். 127-க்கு: 4-இல் தொடங்கி, வர்க்கமாக்கி, 2 கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை எழுதிக்கொண்டே போங்கள். 4, 14, 67, 42, 111, 0. பூஜ்யம் வந்தால் பகா எண். 127 என்பது 2^7 − 1. அடுக்கைவிட இரண்டு குறைவாகப் படிகள் வேண்டும், அதனால் ஐந்தே படி. 2024 அக்டோபரில் அறிவித்த பகா எண்ணான 2^136279841 − 1-க்கு 13 கோடியே 62 லட்சத்துக்கும் மேல் படிகள்! அந்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள்.

அதைப் பிடித்தது ப்ரைம்95 இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லூக் டுராண்ட் கிராஃபிக்ஸ் கார்டுகளில் வேறு மென்பொருளை ஓட்டிப் பிடித்தார். ப்ரைம்95 சிபியுவோடு சரி. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கையில் இருந்தால் அதற்கான மென்பொருளான ஜிபியுஅவுல் (GpuOwl) பக்கம் போங்கள்.

பகா எண்ணில் அக்கறையே இல்லாதவர்களும் இதை நிறுவுவது, கம்ப்யூட்டரை முழு மூச்சாக ஓடவிட்டுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் 'டார்ச்சர் டெஸ்ட்'டுக்காக. பெருக்கலை மிதவைப் புள்ளி (floating point) எண்களில், அதாவது பின்னத்தோடு வரும் தோராய எண்களில், செய்வதால் ஒவ்வொரு விடையும் முழு எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்து விழ வேண்டும். 0.4-க்கு மேல் விலகினால் எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பதே சந்தேகமாகிவிடும். உடனே நிறுத்திவிட்டு ஹார்டுவேர் கோளாறு என்று சொல்லிவிடும். அடிக்கடி தானாக அணைந்துகொண்டிருந்த என் கம்ப்யூட்டரில் ஒரு ரேம் பழுது என்பது இப்படித்தான் தெரிந்தது. விற்ற கடையில் அதை "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஐந்துக்கு நான்கு. தோற்றம் பழைய காலத்து மெனுவும் எழுத்து ஓடும் ஜன்னல்களும்தான். அதற்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை. குறைத்தது விசிறிச் சத்தத்துக்கும் சூட்டுக்கும். லேப்டாப்பில் ஓட்டுவதாக இருந்தால் கோர்களின் எண்ணிக்கையைக் குறைத்து வையுங்கள், மடியில் மட்டும் வைக்காதீர்கள்.