துளையா, தொங்கும் பெட்டியா: ஓடிக்கொண்டிருக்கும் கடல்நீர்த் தொட்டிக்குச் சம்ப் சேர்ப்பது

மீனும் பவளமும் ஏற்கெனவே குடியேறிவிட்ட கடல்நீர்த் தொட்டியின் வடிகட்டலை மேம்படுத்த நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. சம்பே (தொட்டிக்குக் கீழே வைத்து, வடிகட்டும் கருவிகளை உள்ளே வைக்கும் துணைத் தொட்டி) வேண்டாம் என்று கேனிஸ்டர் ஃபில்டரையும் (மூடிய வடிகட்டிக் கலம்) பின்பக்கம் மாட்டும் ஸ்கிம்மரையும் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) வைத்துச் சமாளிக்கலாம். கண்ணாடியைத் தொடாமல், விளிம்பில் தொங்கி மேல்நீரை வழியவிடும் சைஃபன் ஓவர்ஃப்ளோ பெட்டி (நீர் நிறைந்த வளைகுழாய் தானே தண்ணீரை இழுத்து இறக்கும் வகை) வழியாகத் தண்ணீரைக் கீழே சம்புக்கு இறக்கலாம். அல்லது தொட்டியைக் காலிசெய்து, பின்கண்ணாடியில் துளையிட்டு ஓவர்ஃப்ளோ பொருத்தலாம். நான் தொங்கும் பெட்டியோடு தொடங்கிப் பின்னர் துளைக்கு மாறியவன். ஆகவே இந்த அலசல் துளைப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முதல் வழியைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். நூறு லிட்டருக்கும் குறைவான தொட்டிக்கு அது போதும் என்பது என் கருத்து. அந்த அளவில் வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவதே பெரும்பாலான வேலையை முடித்துவிடும். தொட்டி பெரிதாகப் பெரிதாகக் கேனிஸ்டரின் குறைகள் தெரியவரும். உள்ளே சிக்கும் கழிவு கண்ணில் படாது. கழுவத் தவறினால் அங்கேயே மக்கி, நைட்ரேட்டாகத் தொட்டிக்குத் திரும்பும். சில மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் மூடிய கலத்துக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, நல்ல பாக்டீரியாக்கள் மடியத் தொடங்கும். தண்ணீரின் மேல் படியும் எண்ணெய்ப் படலத்தையும் அது எடுக்காது.

சம்பின் நன்மைகள் எல்லோரும் அறிந்தவை. மொத்த நீர் அளவு கூடுகிறது, ஹீட்டரும் ஸ்கிம்மரும் தொட்டியை விட்டு வெளியேறுகின்றன, மேற்பரப்பு நீரே வழிந்து இறங்குவதால் படலம் நிற்பதில்லை. இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது ஒன்று உண்டு. ஆவியாகும் தண்ணீரின் குறைவு முழுவதும் சம்பின் கடைசி அறையில், அதாவது தண்ணீரை மேலே தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் உட்கார்ந்திருக்கும் அறையில் மட்டுமே தெரியும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. அந்த அறையில் ஒரு மிதவை சென்சார் வைத்து நன்னீரைத் தானாக நிரப்பச் செய்தால், உவர்ப்பு 35 பிபிடியை (ஆயிரத்தில் 35 பங்கு) ஒட்டியே நிற்கும். பவளம் வளர்ப்பவருக்கு இதன் அருமை தெரியும்.

சம்ப் வைப்பதென்று முடிவானபின் மிச்சமிருப்பது தொங்கும் பெட்டிக்கும் துளைக்கும் இடையிலான போட்டி. அழகு, சத்தம், வேலைப்பளு என்று ஒப்பிட எத்தனையோ இருந்தாலும் என் கணக்கில் தீர்ப்பு சொல்வது ஒன்றே: மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது தண்ணீர் எங்கே நிற்கிறது?

மின்சாரம் போகும்போது இரண்டுமே ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். பம்ப் நின்றதும் தொட்டியின் நீர்மட்டம் ஓவர்ஃப்ளோவின் பல் விளிம்புவரை இறங்கும். ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருந்தால், அந்த வழியாகவும் தண்ணீர் பின்னோக்கி இறங்கும். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் மட்டம் 3 செ.மீ. இறங்கினால் 16 லிட்டருக்கு மேல் கீழே வரும். 60க்கு 35 செ.மீ. அளவுள்ள சம்பில் அது ஏறக்குறைய 8 செ.மீ. உயரம். அவ்வளவு இடம் சம்பில் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே வைப்பதுதான் நம்பகமான வழி. குழாயில் காற்று புக ஒரு சிறு துளை போடுவதும் உதவும், ஆனால் பாசியும் சுண்ணாம்புப் படிவும் அதை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வை நம்ப வேண்டாம். ஒரு மணல் துணுக்கோ குழாய்ப்புழுவின் ஓடோ இடையில் சிக்கினால் அது முழுதாக மூடாது.

மின்சாரம் திரும்பும்போதுதான் இரண்டும் வேறுபடுகின்றன. தொங்கும் பெட்டியில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஏறி இறங்குவது யூ வடிவக் குழாயின் சைஃபன் விசையால். குழாயின் இரு முனைகளும் தண்ணீருக்குள் மூழ்கியே இருப்பதால், பம்ப் நின்றாலும் சைஃபன் அறுந்துவிடாது என்பது தயாரிப்பாளர்கள் தரும் உறுதி. அது பொய்யில்லை, பெரும்பாலும் அப்படியே நடக்கும். ஆனால் கடல்நீரில் நுண்குமிழிகள் ஓயாது. நீரோட்டம் மெதுவாக இருந்தால் அவை குழாயின் உச்சியில் ஒதுங்கிச் சேரும். சேர்ந்த காற்று ஓட்டத்தை மேலும் குறைக்கும். குறைந்த ஓட்டம் மேலும் காற்றைச் சேர்க்கும். ஒரு கட்டத்தில் சைஃபன் அறும். கீழே ரிட்டர்ன் பம்புக்கு அது தெரியாது. தன் அறையில் உள்ளதையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும்.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது, குழாயின் உச்சியிலிருந்து காற்றை உறிஞ்சும் ஒரு குட்டிப் பம்ப். அதன் மெல்லிய குழாய் உப்பாலோ பாசியாலோ அடைபட்டால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம்; பம்பின் முனகல் மட்டும் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருக்கும். யூ குழாயின் உட்புறத்தையும் அவ்வப்போது தூரிகையால் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சைஃபனை அறுத்து, மறுபடி காற்றை உறிஞ்சித் தொடங்க வேண்டும். என்னை வெறுப்பேற்றியது இந்தப் பராமரிப்புதான். நத்தை ஒன்று குழாய்க்குள் ஊர்ந்து உட்கார்ந்துகொள்வதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தைத் தடுக்க ஒரு கணக்கு உண்டு. ரிட்டர்ன் அறை 25க்கு 35 செ.மீ. என்றும், பம்ப் காற்றை இழுக்கும்முன் அதில் 15 செ.மீ. தண்ணீரை ஏற்ற முடியும் என்றும் கொள்வோம். அது 13 லிட்டர். முன்சொன்ன தொட்டியில் அது இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே மட்டத்தை உயர்த்தும். விளிம்புக்குக் கீழே 3 செ.மீ. காலி இருந்தால் தரை நனையாது. ஆனால் இந்தக் கணக்கை நிம்மதியாகப் போட்டு முடித்தவர்களில் பலர் நன்னீர் நிரப்பியை மறந்துவிடுகிறார்கள். ரிட்டர்ன் அறை வற்றியதும் அந்தச் சென்சார் அதை ஆவியான தண்ணீர் என்றே எடுத்துக்கொண்டு, நன்னீர் வாளி முழுவதையும் ஊற்றத் தொடங்கும். பம்ப் அதையும் மேலே ஏற்றும். தரையும் நனையும், உவர்ப்பும் சரியும். சம்ப் வாங்கத் தூண்டிய அதே வசதி இங்கே எதிரியாகிவிடுகிறது.

துளையிட்ட ஓவர்ஃப்ளோவில் இந்தச் சங்கிலி தொடங்குவதில்லை. துளை நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் தண்ணீரை எதற்கும் மேலே தூக்க வேண்டியதில்லை. அது கீழே விழுகிறது, அவ்வளவுதான். நான் வைத்திருப்பது ஹெர்பி எனப்படும் இரட்டைக் குழாய் அமைப்பு. ஒரு குழாய் கேட் வால்வால் கட்டுப்படுத்தப்பட்டு, காற்றில்லாமல் முழுச் சைஃபனாக இறங்கும். மற்றொன்று அதைவிட உயரமாக, வழக்கமாக உலர்ந்தே, அவசரத்துக்குக் காத்திருக்கும். மின்சாரம் வந்ததும் முதல் குழாய் கொஞ்ச நேரம் காற்றை விழுங்கி இரைச்சலிடும், பிறகு தானே அடங்கும். அடைப்பு வந்தால் தண்ணீர் இரண்டாவது குழாயில் சளசளவென விழும். அந்தச் சத்தமே எச்சரிக்கை மணி. மூன்று குழாய்கள் கொண்ட பீன் அனிமல் அமைப்பு இதைவிடப் பத்திரமானது என்று அதை வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். அதன் தர்க்கம் எனக்குச் சரியாகவே படுகிறது, ஆனால் நான் அதை ஓட்டிப் பார்த்ததில்லை.

துளையின் விலை வேலையில் இருக்கிறது. முதலில் கண்ணாடி டெம்பர்டு (சூடாக்கிக் கடினமாக்கிய) வகையா என்று உறுதிசெய்ய வேண்டும். டெம்பர்டு கண்ணாடியில் துளையிட்டால் முழுப் பலகையும் சிதறிவிடும். பல தொட்டிகளில் அடிப்பலகை மட்டும் டெம்பர்டாக இருக்கும், பக்கங்கள் சாதாரணக் கண்ணாடியாக இருக்கும். இருந்தாலும் அனுமானத்தில் இறங்கக் கூடாது. காலியான தொட்டியின் ஒரு பக்கம் வெள்ளைத் திரை காட்டும் எல்சிடி மானிட்டரை வைத்து, மறுபக்கத்திலிருந்து போலரைஸ்டு கண்ணாடி அணிந்து பாருங்கள். டெம்பர்டு என்றால் கறுப்புத் திட்டுகளோ வரிகளோ தெரியும். தயாரிப்பாளரிடமும் கேட்டுவிடுங்கள்.

துளையிடுவது கேட்பதற்குத்தான் பயங்கரம். வைரத் துகள் பூசிய ஹோல் சா (வட்டமாக வெட்டும் துளைக் கருவி), குறைந்த வேகம், விடாமல் தண்ணீர், கை அழுத்தம் அறவே இல்லாமல் டிரில்லின் எடை மட்டும். வெளிவிளிம்பிலிருந்து குறைந்தபட்சம் துளையின் விட்டம் அளவு இடைவெளி வேண்டும். பின்புறம் டேப் ஒட்டினால் வெட்டிய வில்லை கீழே விழுந்து எதையும் உடைக்காது. பல்க்ஹெட்டின் (துளையில் குழாயை ஒழுகாமல் பொருத்தும் இணைப்பு) ரப்பர் வளையம் தண்ணீர் இருக்கும் பக்கம், தட்டையான விளிம்புக்கு அடியில் வர வேண்டும்; கையால் இறுக்கி, மேலும் கால் சுற்றுச் சுற்றினால் போதும்.

உண்மையான சிரமம் குடியிருப்பவர்களை வெளியேற்றுவது. தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, மீன்களை உள்ளேயே வைத்துத் துளையிடுபவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடித் தூள் மணலில் விழுவதும் அதிர்வும் எனக்குப் பிடிக்காததால் நான் முழுவதுமாகக் காலிசெய்தேன். பாறைகள் தண்ணீருக்கு வெளியே உலரக் கூடாது. அவற்றின் மேலுள்ள உயிர்கள் செத்தால் அம்மோனியா ஏறும். ஆகவே பாறை, பவளம், மீன் எல்லாமே ஹீட்டரும் நீரோட்டமும் உள்ள டப்பாக்களில் இருக்க வேண்டும். பழைய ஆழமான மணல் படுகையைக் கலக்கினால் அடியிலிருந்து கழிவும், சில வேளைகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கிளம்பும். அதை அப்படியே திரும்பப் போடாமல் கடல்நீரில் அலசிப் போடுவதோ புது மணல் போடுவதோ நல்லது. ஒரு முழுநாள் வேலை, உதவிக்கு இன்னொருவர் கட்டாயம்.

எல்லாத் தொட்டிகளுக்கும் துளை சாத்தியமில்லை. பின்கண்ணாடி டெம்பர்டாக இருந்தாலோ, தொட்டி சுவரோடு ஒட்டி நகர்த்த முடியாதபடி நின்றாலோ தொங்கும் பெட்டிதான் வழி. அப்போது ஒரு யூ குழாய்க்குப் பதில் இரண்டு வைத்து, ஒவ்வொன்றும் தனியாகவே முழு ஓட்டத்தையும் தாங்குமா என்று சோதியுங்கள். குழாய்கள் தேவைக்கு மிகப் பெரியவை என்றால், இரண்டும் சேர்ந்து ஓடும்போது ஓட்டம் மெதுவாகிக் குமிழி சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரிட்டர்ன் பம்பைத் தொட்டியின் கனஅளவைப்போல் மணிக்கு மூன்று முதல் ஐந்து மடங்குக்குள் வையுங்கள். மீதி நீரோட்டத்தைத் தொட்டிக்குள் இருக்கும் பவர்ஹெட்கள் (நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்புகள்) தரட்டும். நன்னீர் வாளியைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். காட்சித் தொட்டியின் விளிம்புக்குக் கீழே ஒரு மிதவை ஸ்விட்ச் மாட்டி, மட்டம் ஏறினால் ரிட்டர்ன் பம்பும் நன்னீர் நிரப்பியும் இரண்டுமே நிற்கும்படி இணைத்துவிடுங்கள். பிறகு வீட்டில் ஆள் இருக்கும் பகல் நேரத்தில் மெயின் ஸ்விட்சை அணைத்தும் போட்டும், யூ குழாயில் வேண்டுமென்றே காற்றை விட்டும் சோதித்துப் பாருங்கள்.